தாத்தாவோட கேசட்: முருகன் பாட்டைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?

வேலும் மயிலும் துணை.

போன மாசக் கிருத்திகைக்கு நம்ம பக்கத்தில் ஒரு ஆடியோ போட்டிருந்தேன். எங்க தாத்தா 1994-ல் பாடின பஜனை. நிறைய பேர் கை கூப்பி எமோஜி போட்டீங்க. "குரல் கணீர்னு இருக்கு தம்பி, நேத்து பாடின மாதிரி இருக்கு"ன்னு எழுதினீங்க. அந்த ஆடியோவை இப்போ எடுத்துட்டேன். ஏன் எடுத்தேன்னு மூணு நாலு பேர் தனியாகக் கேட்டாங்க. அதுக்குப் பதில் எழுத ஆரம்பிச்சது இப்படி நீண்டுபோச்சு. பொறுமையாகப் படிங்க. பாட்டு கேட்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு ஏதாவது பயன்படும்னு நம்புறேன்.

எனக்குச் சொந்த ஊர் அரும்பாவூர். பெரம்பலூர் மாவட்டம், பச்சைமலை அடிவாரம். எங்க ஊர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைச்சது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். தேர், வாகனம், சுவாமி சிலைன்னு செய்கிற ஊர். தாத்தா அந்த வேலைதான் பார்த்தார், பெரியப்பா இன்னமும் உளி பிடிக்கிறார். நான் மட்டும் இன்ஜினியரிங் முடிச்சுட்டு சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்திருக்கேன்.

தாத்தாவுக்குப் பகலில் உளி, ராத்திரியில் ஆர்மோனியம். பங்குனி உத்திரத்துக்கு ஊரிலிருந்து செட்டிகுளம் தண்டாயுதபாணி கோயிலுக்கு நடந்து போகிற கூட்டத்துக்கு அவர்தான் பஜனை. (செட்டிகுளத்து முருகன் கையில் கரும்போடு நிற்கிறவர். இன்னும் பார்க்காதவங்க ஒரு தடவை போயிட்டு வாங்க.) அப்படிப் போன 1994-ல், ராத்திரி தங்கின சத்திரத்தில் யாரோ டேப் ரெக்கார்டர் வெச்சுப் பிடிச்ச கேசட்தான் இது. தாத்தா 2009-ல் தவறிட்டார். அப்போ எனக்குப் பன்னிரண்டு வயசு. அவர் குரல்னு வீட்டில் இருப்பது இந்த ஒரு கேசட் மட்டும்தான். அப்பாயி அதை விபூதி டப்பாவோடு சேர்த்து வெச்சிருந்தாங்க.

நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏத்தினேன். ஒரே இரைச்சல். ஜால்ரா காதைக் கிழிக்குது, பின்னாடி யாரோ இருமுறாங்க, குழந்தை அழுது. இன்ஜினியர் சும்மா இருப்பானா? இரைச்சலை நீக்கினேன். அப்புறம் குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கிற ஏஐ செயலியில் போட்டு, தாத்தா குரலை மட்டும் தனியாக எடுத்து, ஆர்மோனியத்தைக் கீழே லேசாகச் சேர்த்தேன். நடுவில் சத்தமே இல்லாமல் இருந்த சில இடங்களை வெட்டித் தள்ளினேன். கடைசியாகக் கொஞ்சம் எக்கோ. கர்ப்பக்கிரகத்தில் பாடுற மாதிரி ஆயிடுச்சு. அதைத்தான் நீங்க கேட்டீங்க.

பெரியப்பாகிட்டப் போட்டுக் காட்டினேன். அவர் அந்தக் காலத்தில் தாத்தாவுக்கு ஜால்ரா போட்டவர். முழுசும் கேட்டார். பிறகு, "கொரல் அவருதுதான். ஆனா ஆளு இல்லையேடா"ன்னு சொல்லிட்டு உளியை எடுத்துக்கிட்டார்.

எனக்குக் கோபம் வந்துச்சு, மறைக்க என்ன இருக்கு. மூணு ராத்திரி உட்கார்ந்து செஞ்ச வேலை. ஆனால் பெரியப்பா மரம் வாங்கும்போது நான் பார்த்திருக்கேன். வாகைத் துண்டை உளிப்பிடியால் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. காதைப் பக்கத்தில் வெச்சு, "இதுல உள்ள பொந்து இருக்கு, வேணாம்"பார். அறுத்துப் பார்த்தால் இருக்கும். அந்தக் காது சொல்றதைத் தள்ள முடியலை. அதனால் நானும் கேட்கக் கத்துக்கலாம்னு உட்கார்ந்தேன். ஏழெட்டு மாசமாகக் கத்துக்கிட்டதைத்தான் கீழே எழுதுறேன். நான் சங்கீதம் படிச்சவன் இல்லை. தப்பு இருந்தால் தெரிஞ்சவங்க திருத்துங்க.

*பதிவு என்பது வெறும் குரல் இல்லை*

நாம "டி.எம்.எஸ். பாட்டு", "சீர்காழி பாட்டு"ன்னு சொல்றோம். காதுக்கு வருவது அவங்க குரல் மட்டும் இல்லை. அந்தக் குரல் நின்ன அறை, அதைப் பிடிச்ச மைக், அதைச் சுமந்த தட்டோ டேப்போ, எல்லாம் சேர்ந்துதான் வருது. பாட்டின் அமைப்பையே அந்தக் கருவி தீர்மானிச்ச காலம் உண்டு.

நம்ம நாட்டில் இசைத்தட்டுப் பதிவு 1902-ல் கல்கத்தாவில் ஆரம்பிச்சது. கௌஹர் ஜான் பாடினாங்க. அப்போ மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்று இருக்கும், அதுக்குள்ளே முகத்தைக் கொடுத்து உரக்கப் பாடணும். அந்த அதிர்வே ஊசியை அசைச்சு மெழுகில் கோடு போடும். மின்சாரப் பதிவு 1925-க்கு அப்புறம்தான் வந்தது. பத்து அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தும், ஒரு பக்கத்தில் மூணு நிமிஷம்தான் பிடிக்கும். கச்சேரியில் அரை மணி நேரம் பாடுற ராகத்தைக்கூட மூணு நிமிஷத்துக்குள் முடிக்கணும். அதனால் பழைய தட்டுகளில் சுற்றி வளைப்பே இருக்காது. பாடகர் எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போவார். "என்ன இவ்வளவு அவசரம்"னு நான் முன்னாடி நினைப்பேன். அவசரத்துக்குக் காரணம் பாடகர் இல்லை, தட்டு.

இந்தக் கணக்கைக் கந்தர் சஷ்டி கவசத்துக்குப் போட்டுப் பாருங்க. சூலமங்கலம் சகோதரிகள் ஜெயலட்சுமி, ராஜலட்சுமி பாடினது சுமார் 20 நிமிஷம். 78 தட்டில் போட்டிருந்தால் ஏழு பக்கம் வேணும், மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து தட்டைத் திருப்பணும். பாராயணத்துக்கு அது ஒத்து வருமா? 1948-ல் வந்த எல்.பி. தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும். கவசம் முழுசையும் ஒரே மூச்சாக வீட்டில் ஓடவிட்டுக் கூடவே சொல்ற வழக்கம் வந்ததுக்கு இந்த நீளமும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது.

*யார் எப்படிப் பாடினாங்க*

கே.பி. சுந்தராம்பாள் அம்மாவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். கொடுமுடியில் பிறந்து நாடக மேடையில் வளர்ந்தவங்க. அன்றைய மேடையில் கடைசி வரிசைக்காரனுக்கும் வெறும் தொண்டையில்தான் கேட்கணும். 1965-ல் வந்த திருவிளையாடலில் ஔவையாராக வந்து அவங்க பாடுறதைக் கவனிங்க. எதிரே மைக் இருக்கு, பெரிய வாத்தியக் குழு இருக்கு. ஆனால் குரல் மைக்குக்காகப் பாடலை, எட்டத்தில் இருக்கும் யாருக்கோ பாடுது. ஒரு சொல்லை நீட்டும்போது அதன் முடிவு தேயவே தேயாது, கத்தியால் வெட்டின மாதிரி நிற்கும். மேடைப் பழக்கம் அது. முடிவு தேய்ஞ்சால் கடைசி வரிசைக்குச் சொல் போய்ச் சேராது.

டி.எம். சௌந்தரராஜன் வேற வழி. மைக்கை நெருங்கி நின்னு பாடுற காலத்தவர். அவர் பாட்டில் மெய்யெழுத்துகளைக் கவனிங்க. ற, ழ, ண எதுவும் வழுக்காது. 1964-ல் வந்த அருணகிரிநாதர் படத்தில் அவரே அருணகிரியாராக நடிச்சார். அதில் டி.ஆர். பாப்பா சண்முகப்பிரியாவில் மெட்டமைத்த திருப்புகழ் ஒன்று, அருணகிரியார் முதலில் பாடினதாக நாம் சொல்வது, இன்றைக்கும் எல்லா ஊர்த் திருவிழாவிலும் ஒலிக்குது. அந்தச் சந்தத்தின் வேகத்தில் நமக்கு நாக்கு புரளும். அவருக்கு ஒரு எழுத்துகூட விழுங்கப்படலை. அருணகிரியார் பதினைந்தாம் நூற்றாண்டு. அவர் பாடின மெட்டு எதுவும் நம்மிடம் வந்து சேரலை, சந்தம் மட்டும்தான் வந்தது. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி 1894-ல் முதல் தொகுதி அச்சிட்டிருக்காவிட்டால் அதுவும் எவ்வளவு மிஞ்சியிருக்குமோ. ஆக, இன்று நாம் கேட்கிற ஒவ்வொரு திருப்புகழ் ராகமும் பின்னாடி வந்தவங்க போட்டது. ஒரே திருப்புகழை ரெண்டு பேர் ரெண்டு ராகத்தில் பாடினால் "எது சரி"ன்னு சண்டை வேண்டாம். ராகம் மாறினாலும் சந்தத்தின் அடி எங்கே விழுதுன்னு கேளுங்க, அது மாறாது.

1967-ல் கந்தன் கருணை. கே.வி. மகாதேவனுக்கு அந்தப் படத்துக்குத் தேசிய விருது. சிறந்த இசையமைப்பாளர் விருதை இந்தியாவிலேயே முதலில் வாங்கினவர் அவர்தான். அந்தக் காலப் பதிவுகளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசிப்பாங்க. ஒருத்தர் தப்பினால் எல்லாரும் முதலிலிருந்து. அதைத் தெரிஞ்சுக்கிட்டுக் கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும். பாடகர் ஒரு இடத்தில் இம்மி தாமதிச்சால் தபலா, வயலின் எல்லாம் கூடவே காத்திருக்கும். பிற்காலத்தில் வாத்தியத்தைத் தனியாகப் பதிஞ்சு, குரலைப் பிறகு சேர்க்கும் முறை வந்ததும் அந்தக் காத்திருத்தல் போயிடுச்சு.

அஞ்சு வருஷம் கழிச்சு, 1972-ல் தெய்வம். குன்னக்குடி வைத்தியநாதன் இசை. முருகன் பாட்டு கேட்கப் பழகுறவங்களுக்கு ஒரே படத்தில் பல பாணி கிடைக்கிற பாடப்புத்தகம் இது. மதுரை சோமு மருதமலையைப் பாடினது தர்பாரி கானடா. கச்சேரிப் பாடகர் அப்படியே சினிமாவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கார். சுரங்கள் அலைவதைக் கேளுங்க, எங்கும் நேராக நிற்காது. அதே படத்தில் பெங்களூர் ரமணியம்மாள் பாடுறது நேர் எதிர்: வேகம், கைத்தட்டு, அடுத்த வரியைக் கூட்டத்துக்கு எறியற பாவனை. பித்துக்குளி முருகதாசும் இருக்கார். 1920-ல் தைப்பூசத்தில் பிறந்து 2015-ல் கந்தசஷ்டி நாளில் மறைஞ்சவர். அவருடைய நேரடிப் பஜனைப் பதிவுகள் கிடைத்தால் அவரை மட்டும் கேட்காதீங்க. அவர் ஒரு வரி விட்டதும் கூட்டம் அதை எப்படி வாங்குது, முதல் தடவை தயங்கி, ரெண்டாவது தடவை நிமிர்ந்து, மூணாவது தடவை கூரையைத் தொடுறதைக் கேளுங்க. அங்கே பாட்டில் பாதி கூட்டத்தினுடையது.

இந்த வரியை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கு. தாத்தா கேசட்டிலிருந்து கூட்டத்தை வெட்டி எறிஞ்சவன் நான்.

அப்புறம் கேசட் காலம். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் கொண்டுவந்தது, நம்ம ஊர்களில் 1980-களில்தான் அலை அடிச்சுது. கோயில் வாசல் கடையெல்லாம் கேசட். தல புராணம், காவடிச் சிந்து, ஊர் ஊருக்கு ஒரு முருகன் பாட்டு. நல்லதும் உண்டு. ஆனால் கீபோர்டு, ரிதம் பாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேல் தாராளமாக எக்கோ. எனக்கு அது பிடிக்காது. அம்மாவுக்கு அந்தப் பாட்டுகள்தான் உயிர், அதனால் வீட்டில் இதைப் பேசுறதில்லை. ஒன்று மட்டும் சோதிச்சுப் பாருங்க: பாடகர் ஒரு சொல்லை முடிச்சதும் அதன் வால் எவ்வளவு நேரம் நீளுதுன்னு கேளுங்க. வாத்தியத்துக்கும் அதே வால் இருந்தால் எல்லாரும் ஒரே கூடத்தில் இருந்திருக்கலாம். குரலுக்கு மட்டும் வால் நீண்டு, தபலா வறண்டு கிடந்தால் அது மெஷின் எக்கோ.

*காதைப் பழக்கும் வழி*

நான் செய்யறதைச் சொல்றேன். ஒரே பாட்டை எடுத்துக்கணும், பத்துப் பாட்டு வேண்டாம். நான் எடுத்தது சூலமங்கலம் சகோதரிகளின் கவசம். தினமும் ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்பது.

முதல் நாள் சுருதி. குரலை விட்டுட்டு அடியில் ஓடும் சுருதியைத் தேடுங்க. கிடைக்க நேரமாகும். கிடைச்சுட்டால் அப்புறம் குரல் அதன் மேல் உட்கார்வதும் விலகுவதும் தானாகத் தெரியும். அடுத்த நாள் ரெண்டு குரல். சின்ன வயசிலிருந்து எனக்கு அது ஒரே குரல்தான். ரெண்டு பேர் பாடுறாங்கன்னு தெரியும், ஆனால் கேட்டதில்லை. நாலாவது தடவை கேட்கும்போதுதான் ஒரு குரல் சொல்லின் முனையை முதலில் தொடுறதும் மற்றது மயிரிழை பின்னால் சேர்றதும் பிடிபட்டது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. இன்னொரு நாள் ராகம் மட்டும். அது ராகமாலிகை. ராகப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "இங்கே வெளிச்சம் மாறுது"ன்னு தோணுற இடத்தில் கையைத் தூக்குங்க. இன்னொரு நாள் மூச்சு மட்டும். மந்திர எழுத்துகள் அடுக்கடுக்காக வரும் பகுதியில் எங்கே மூச்சு எடுக்கிறாங்கன்னு தேடிப் பாருங்க.

சத்தத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரெண்டு பதிவை ஒப்பிடும்போது எது கொஞ்சம் கூடுதல் சத்தமோ அதுதான் நல்லா இருக்குன்னு காது ஏமாந்துடும். நான் பொய் சொல்லலை, ஒரே ஃபைலையே ஒரு தடவை சத்தம் கூட்டி நண்பனுக்குப் போட்டேன், "ரெண்டாவதுதான் கிளியர்"னான். சத்தத்தைச் சமமாக வெச்சுட்டுத்தான் ஒப்பிடணும்.

எதில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். கோயில் மைக் செட்டில் மரத்தில் கட்டுற புனல் ஸ்பீக்கர் நடுத்தரச் சத்தத்தை மட்டும் தள்ளும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அதில் வரவே வராது. மார்கழி விடியலில் அரை மைலுக்கு அப்பாலிருந்து கேட்கும் அந்தக் குரலுக்கு ஒரு சுகம் இருக்கு, மறுக்கலை. ஆனால் அந்தப் பாட்டை நாம் முழுசாகக் கேட்டதில்லை. ஃபோனிலும் அப்படித்தான். கோயிலில் நடக்கும் பஜனையை வாய்ஸ் மெசேஜாகப் பதிஞ்சு அனுப்புறோமே, அது பேச்சுக்காகச் செஞ்ச வசதி. மேல் அதிர்வுகளை வெட்டிவிடும். ஜால்ரா "ஜிங்"னு வராமல் "ஷ்ஷ்"னு மழைச் சத்தம் மாதிரி வருவது அதனால்தான். நல்ல பதிவு இருந்தால் அதை டாக்குமென்டாக அனுப்புங்க, அப்படியே போய்ச் சேரும்.

*மறுபடியும் கேசட்டுக்கு*

காது கொஞ்சம் பழகினதும் தாத்தாவின் கேசட்டை, நான் கை வைக்காத முதல் ஃபைலை, ஹெட்போனில் போட்டேன்.

முதலில் உறுத்தினது சுருதி. ஆர்மோனியம் ரெண்டு கட்டையில் நிற்குது. (வெள்ளைக் கட்டையில் முதல் ஸ வைத்தால் ஒரு கட்டை, அடுத்த கறுப்பு ஒன்றரை, அதுக்கு அடுத்த வெள்ளை ரெண்டு.) பெரியப்பாவுக்கு ஃபோன் போட்டேன். "ரெண்டு கட்டையா? அவரு ஜென்மத்துக்கும் ஒன்றரைதான்டா"ன்னார். அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது பரணிலிருந்து ஆர்மோனியத்தை இறக்கி, கறுப்புக் கட்டையில் விரலை வெச்சுக் காட்டினார். அந்தக் கட்டையில் மட்டும் வெள்ளையாகத் தேய்ஞ்சிருக்கு. ரீடு பழசானால் சுருதி கொஞ்சம் நகரும், ஆனால் அரைக் கட்டை நகராது.

அப்போ கேசட் வேகமாக ஓடியிருக்கு. இதை எப்படி உறுதி செய்வது? இங்கேதான் நான் படிச்ச படிப்பு உதவிச்சு. சத்திரத்தில் டேப் ரெக்கார்டரை கரண்டில் சொருகித்தான் ஓட்டியிருக்காங்க. நம்ம கரண்ட் விநாடிக்கு 50 தடவை அதிரும், அதன் "ம்ம்ம்" என்ற ரீங்காரம் பதிவில் மெல்லிசாகப் படிஞ்சிருக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அதிர்வு வரைபடம் போட்டுப் பார்த்தேன். ரீங்காரம் 53-ல் நிற்குது. 50 இருக்க வேண்டியது 53-ன்னா ஆறு சதவீதம் வேகம். ஆறு சதவீத வேகம் என்பது கிட்டத்தட்டச் சரியாக அரைக் கட்டை ஏற்றம். அந்தக் காலத்துக் கரண்டும் துல்லியமாக 50-ல் நிற்காது, அதனால் இதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் பெரியப்பா விரலும் வரைபடமும் ஒரே இடத்தைக் காட்டுது. அன்னைக்கு ரெக்கார்டர் மெதுவாக ஓடிச்சா, இன்னைக்கு என் டெக் வேகமாக ஓடிச்சான்னு கேட்டால், ரெண்டில் எது நடந்தாலும் விளைவு ஒன்றுதான்.

வேகத்தை மட்டும் சரிசெஞ்சேன். தாத்தா குரல் இறங்கி, கனத்து, வயசு ஏறி வந்தது. நீங்க எல்லாரும் கணீர்னு இருக்குன்னு சொன்னது அறுபத்தொரு வயசுக்காரரின் குரல், ஆறு சதவீதம் வேகமாக.

அதுக்கப்புறம்தான் நான் இரைச்சல்னு நீக்கினதெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. ஆர்மோனியத் துருத்தி இழுபடும் சத்தம், அவர் இடது கை. சில வரிகளில் குரல் மங்குறதை நான் டேப் கோளாறுன்னு நினைச்சு சத்தம் கூட்டியிருந்தேன். அவர் கூட்டத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிப் பாடியிருக்கார். பாட்டு ஆரம்பிக்கும் முன்னாடி அதே பாட்டின் முதல் சொல் ரொம்ப மெல்லிசாக, எங்கோ தூரத்தில் கேட்கும். அது பேயும் இல்லை, அற்புதமும் இல்லை. சுருட்டி வெச்ச டேப்பில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு ஒட்டியிருக்கிற அடுத்த சுற்றில் லேசாக ஏறிடும். முப்பது வருஷம் அசையாமல் விபூதி டப்பாவோடு கிடந்ததில் நல்லாவே ஏறியிருக்கு.

கடைசியாக அந்த மௌனம். நாலாவது பாட்டில் தாத்தா குரல் திடீர்னு நிற்குது. ரெண்டு ஆவர்த்தம் இல்லை. கூட்டம் மட்டும் பாடுது, ஜால்ரா ஓடுது, துருத்தி ஓடுது. நான் கூட்டத்தை நீக்கின பதிப்பில் அந்த இடம் வெறும் வெற்றிடமாக இருந்துச்சு, அதனால் வெட்டிட்டேன். மூச்சு வாங்கியிருப்பார்னு நினைச்சேன். பெரியப்பாவை ஹெட்போன் மாட்டிக் கேட்க வெச்சேன். அவர் அந்த இடம் வரும்போது சிரிச்சார்.

"அங்க அவரு பாட மாட்டாரு. எங்கள பாடவுட்டுட்டு, தலைய சாய்ச்சுக் கேட்டுக்கிட்டு இருப்பாரு. எவன் சுதி வெலகுறான், எவன் வாயை மட்டும் அசைக்கிறான்னு. மறுநா நடக்கும்போது அவனுக்கு வழியெல்லாம் திட்டு."

"உங்களுக்கு விழுந்திருக்கா பெரியப்பா?"

"செட்டிகொளம் போற வரைக்கும் விழுந்துச்சு. இந்தா, இப்ப வருது பாரு, ஜால்ரா அரை அடி முந்துது. நான்தான்."

திருப்பிப் போட்டுக் கேட்டேன். முந்துது.

அப்பாயிக்கும் போட்டுக் காட்டினேன். அவங்களுக்கு இப்போ ஒரு காது சரியாகக் கேட்காது. நல்ல காதில் மட்டும் ஹெட்போனை வெச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. பாட்டு முடிஞ்சதும் "அந்தப் புள்ள யாரு, அழுவுதே?"ன்னு கேட்டாங்க. யாருக்கும் தெரியலை.

புது ஃபைலை இன்னைக்குப் பக்கத்தில் போட்டிருக்கேன். வேகத்தைத் தவிர எதையும் தொடலை. இரைச்சல் இருக்கும், இருமல் இருக்கும், முதல் ரெண்டு நிமிஷம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஹெட்போனில் கேளுங்க. ஒரு தடவை ஆர்மோனியத்தை மட்டும், ஒரு தடவை கூட்டத்தை மட்டும். நாலாவது பாட்டில் அந்த ரெண்டு ஆவர்த்தம் வரும்போது யார் சுருதி விலகுறாங்கன்னு கண்டுபிடிச்சு எழுதுங்க. வலது ஓரம் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர்னு எனக்குச் சந்தேகம், ஆனால் பதிவு மோனோ, ஓரம்னு ஒன்று அதில் கிடையாது. பெரியப்பாவுக்கு ஆள் தெரியும், பேர் சொல்ல மாட்டேங்கிறார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!